செப்புக் குதிரையும் பழப்புளியும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, நவராத்திரிக்குச் சில நாட்கள் முந்தி நடந்தது இது. நாங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் இருக்கிறோம். இதை இன்றுவரை என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்கப் பண்ணைகளில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காகக் கூரை உச்சியில் செப்பில் செய்த சேவல், மீன், குதிரை என்று ஏதாவது வைத்திருப்பார்கள். காற்றுப் பட்டால் கையைச் சுழற்றும் மரப் பொம்மைகள் வேலியில் நிற்கும். அவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பேன். "வீட்டுக்குள்ள என்ன புயலா அடிக்குது, திசை பாக்க?" என்று கணவர் நக்கலடிப்பார். அடிக்கட்டும். பதினைந்து வருடமாக நான் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஓடுகிற மாதிரி செய்த செப்புக் குதிரை.

பக்கத்து ஊரான அஜக்ஸில் எனக்கு ஒரு தோழி. வேலை இடத்தில் பழக்கமானவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். இந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தொற்றவைத்ததே நான்தான். அந்தக் கோடையில் எல்லை தாண்டி, நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பழம்பொருள் சந்தைக்கு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு கிழவரின் மேசையை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். பின்னால் வந்தவள் குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த சாக்கை விலக்கினாள். உள்ளே குதிரை! நான்கு காலும் பறக்க, உடம்பெல்லாம் பச்சை பூத்து, பிடரியில் மட்டும் பழைய தங்கப் பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உது நல்ல சாமானோ?" என்று என்னிடமே கேட்டாள். "பரவாயில்லை" என்றேன். வயிறு பற்றி எரிந்தது. திரும்பி வரும்போது குதிரையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். நான் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார் ஓட்டுகிற களைப்பு என்று நினைத்திருப்பாள், பாவம்.

அதற்குப் பிறகு படுத்தால் குதிரை, எழும்பினால் குதிரை. நேற்று வந்தவளுக்கு இப்படி ஒரு யோகமா? என் வீட்டில் இருந்ததெல்லாம் எனக்குக் குப்பையாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை போன் எடுத்தாள். "அக்கா, நவராத்திரிக்குக் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறன். பழப்புளி மிச்சம் கிடக்கு. குதிரையும் ஒரே பச்சை பிடிச்சுப்போய் இருக்கு. அதையும் மினுக்கட்டோ?"

அந்தப் பச்சைதான் குதிரையின் உயிர். எத்தனையோ வருட வெயிலும் மழையும் பூசியது அது. சேர்ப்பவர்கள் ஈரத்துணியைக்கூடக் கிட்டக் கொண்டுபோக மாட்டார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். "வேண்டாம்" என்று ஒரு சொல் போதும்.

"ஓமோம், மினுக்குங்கோ. நல்ல வடிவா வரும்," என்றேன்.

போனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்ட உட்கார்ந்தேன். 'இப்பவாவது எடுத்துச் சொல்லடி' என்று மனம் குத்தியது. இரண்டு தரம் போனைக் கையில் எடுத்து, இரண்டு தரமும் கீழே வைத்தேன். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. புதுச் சட்டி மாதிரிப் பளபளவென்று நின்றது குதிரை. தங்கப் பூச்சு இருந்த இடமே தெரியவில்லை. கீழே, 'தாங்ஸ் அக்கா' என்று எழுதியிருந்தாள். சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டேன். அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் வசந்தத்தில், கணவனோடு ஒரு பழம்பொருள் கண்காட்சிக்குப் போயிருந்தவள் அங்கே நின்றபடியே என்னைப் போனில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்கட வீட்டில இருக்கிற ஒண்டையும் பழப்புளியால தொட்டுப் போடாதேங்கோ! அந்தப் பச்சையை எடுக்கவே கூடாதாம். இப்பதான் ஒரு மனுசனுக்கு என்ர குதிரையின்ர படத்தைக் காட்டினன். தலையில கையை வைச்சிட்டார். பழுதாப் போச்சுதாம் அக்கா. எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாமல் போச்சே. உங்கடையாவது தப்பட்டும்."

"அப்பிடியே? எனக்கும் தெரியாதே பிள்ளை," என்றேன். அதுவும் பொய்.

இப்போதும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. தன் குதிரை போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே, என்னுடையதைக் காப்பாற்ற அவள் போனை எடுத்தாள். அவளுடையதைக் காப்பாற்ற எனக்கு முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது.