சாட்சி சொன்னவருக்கு இரண்டாம் ஊசி

உங்கள் கணவர் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "கர்த்தர் என்னைச் சுகமாக்கிவிட்டார்" என்று நூறு பேர் முன்னால் சாட்சி சொல்லிவிட்டார். பத்து நாளில் அவருக்குப் புற்றுநோய் ஊசி. எப்படி அழைத்துப்போவீர்கள்?

பாளையங்கோட்டை சாலோமிக்கு இந்தச் சிக்கல் வந்தபோது வயது அறுபத்திரண்டு. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தேதி போடாத காகிதத்தை நம்பமாட்டார். கணவர் எஸ்றா கணக்கு வாத்தியாராக இருந்தவர். புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்று வேகமாகப் பரவும் ரகம். பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது, எலும்பை இன்னும் தொடவில்லை. முதல் இரண்டு மாதம் ஜெபம் மட்டும் செய்தார்கள். பிறகு அறுவையா, கதிர்வீச்சா என்று இருவரும் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் டாக்டர் சொன்ன வழிக்கு வந்தார்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, இரண்டாம் ஊசிக்குப் பிறகு கதிர்வீச்சு. நடுவில் விட்டால் எலும்புக்குப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

முதல் ஊசியில், இந்தப் புற்றின் நிலையைக் காட்ட ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு எண்பத்தாறிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. கூடவே நேரங்கெட்ட நேரத்தில் உடம்பு கொதித்து வேர்த்தது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், அதை நடத்தும் ஜாஸ்பர் பிரதர் தலையில் கைவைத்தபோது எஸ்றாவின் முகம் சிவந்து சட்டை நனைந்தது. "அக்கினி அபிஷேகம், தேவ ஆவி இறங்குது!" என்று ஜாஸ்பர் முழங்கினார். எஸ்றா எழுந்து சாட்சி சொன்னார். ஊசியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஊசி செய்த வேலைக்கு ஜாஸ்பர் கைதட்டு வாங்கினார்.

"இனிமே ஊசி வேண்டாம்ளா," என்றார் வீட்டில். "சாட்சி சொன்னவன் ஊசிக்குப் போனா, சொன்னது பொய்யின்னு ஆவாதா?"

"அப்ப உங்க வாய்க்காக நீங்க சாகணுமாக்கும்?"

அவர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாலோமியும் கூட்டத்துக்குப் போனார். மறுபடி எஸ்றாவுக்கு வேர்த்தது. "பாருங்க, அக்கினி இறங்குது!" என்றார் ஜாஸ்பர்.

சாலோமி எழுந்தார். "பிரதர், எனக்கு அம்பது வயசுல மாதவிலக்கு நின்னப்ப இதே அக்கினி ரெண்டு வருஷம் எரிஞ்சுது. என்னை ஒருத்தரும் சாட்சி சொல்லக் கூப்பிடலையே?"

பெண்கள் பக்கத்தில் லில்லி டீச்சர் வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "எனக்கு நாலு வருஷம்ளா!"

சாலோமி கணவரைக் காட்டினார். "அவியளுக்கு ஊசியால ஆம்பளை ஹார்மோன் நின்னிருக்கு. அதான் வேர்க்குது. ஊசிக்கு முந்தி ரெண்டு மாசம் ஜெபம் மட்டுந்தான் பண்ணினோம். நாப்பதுல இருந்த பி.எஸ்.ஏ. எண்பத்தாறாச்சு. ஊசி போட்டப்புறந்தான் மூணுக்கு வந்துது. தேதி போட்ட ரிப்போர்ட் இருக்கு, பாக்கீங்களா?"

ஜாஸ்பர் பார்க்கவில்லை, பாட்டை ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் எஸ்றா வெடித்தார். "என் மானத்தை வாங்கிட்டியே!"

"மானம் போனது போச்சுல்லா? உங்க சாட்சி இனி பொய்யின்னு ஆகதுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழமை போவோம்."

திங்கட்கிழமை அவர் முறைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். ஊசி போட்டாயிற்று, கதிர்வீச்சு நடக்கிறது. பிழைப்பாரா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வாய்ப்பைக் கைவிடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கூட்டத்திலும் யாராவது சுகமானதாகச் சாட்சி சொல்லக்கூடும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அவரைத் தனியே அழைத்து, எந்த மருந்து, அடுத்த தேதி எப்போது என்று கேளுங்கள். நிறுத்திவிட்டேன் என்றால், மறுநாளே நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.