விக்கிரவாண்டி தாண்டியதும் பனி

போன மாதம் திண்டிவனம் பஸ்ஸில் எல்லாரையும் "தூங்காதீங்க" என்று தட்டி எழுப்பிய ஆள் நான்தான்.

வீடியோ எடுத்தவர்கள் அழிக்க வேண்டாம். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஊர் வளவனூர் பக்கம். பதினேழு வருடம் ராணுவம். ஹவில்தாராக ரிடையர்டு ஆகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு கல்லூரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

ரம் பழகியது மேலே, பனிமலை போஸ்டில், குளிருக்காக. ஊருக்கு வந்த பிறகும் குளிருக்காகத்தான் குடித்தேன். (வளவனூர் குளிர் உங்களுக்குத் தெரியும்.)

முதலில் ராத்திரி மட்டும். பிறகு காலையிலும். காலையில் ஒரு பெக் உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும், சட்டைப் பட்டன் போட முடியாது. போனால் நடுக்கம் நிற்கும். அதை மருந்து என்றே நினைத்திருந்தேன்.

பள்ளி திறந்த வாரம் என் மகள் என்.சி.சி. படிவத்தை நீட்டினாள். பதினொன்றாம் வகுப்பு. நேரம் காலை, பெக்குக்கு முன்னால். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவளுடைய டீச்சர் என் மனைவி ஆரோக்கியமேரிக்குப் போன் செய்தார். அட்மிஷன் படிவத்தில் இருக்கும் அப்பா கையெழுத்து வேறு, இது வேறு. கேட்டதும் உங்கள் மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார்.

"இன்னாத்த ஒத்துக்கினே?" என்று மகளைக் கேட்டேன்.

"நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டேம்ப்பா. ஒங்க கை நடுங்குதுன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க இல்ல."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றைக்கே வீட்டில் இருந்ததையெல்லாம் வாஷ்பேசினில் ஊற்றினேன். டாக்டரைக் கேட்கவில்லை. மலையையே ஏறியவன், இதற்குப் போய் ஒருத்தரைக் கேட்பதா என்ற எண்ணம்.

முதல் நாள் வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் திண்டிவனத்தில் மச்சான் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை; அதற்கு விருந்து. "ஒடம்பு முடியலன்னா வராதீங்க" என்றாள் ஆரோக்கியமேரி. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று கிளம்பினேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் பனி பெய்ய ஆரம்பித்தது.

ஜூன் மாதம், பகல் பதினொரு மணி. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளையாக இருந்தது. மற்றவர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தப்பாகப் படவில்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்ததுதான் தப்பாகப் பட்டது.

பனியில் தூங்கினால் எழுந்திருக்க மாட்டார்கள். மேலே போஸ்டில் என்னோடு இருந்த ஒருவரை ஒருமுறை நான் எழுப்பாமல் விட்டேன்.

அதனால் எழுந்து ஒவ்வொரு சீட்டாகப் போனேன்.

"தூங்காதீங்க. தூங்கினா செத்துடுவீங்க. எழுந்து காலை ஆட்டுங்க."

மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு இருந்த ஒரு அம்மா கண்ணைத் திறக்காமலே, "யோவ், விடிய மூணு மணிக்கு எழுந்தவய்யா நானு. செத்தாலும் பரவால்ல, வுடு" என்றார்.

அவரை மட்டும் இரண்டு முறை எழுப்பினேன்.

"காலையிலயே போட்டுக்கினு வந்து பேஜாரு பண்றான்" என்றார் ஒருவர். ஆறு வருடத்தில் நான் போடாமல் இருந்ததே அந்த மூன்று நாள்தான்.

இனி நடந்ததெல்லாம் ஆரோக்கியமேரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கண்டக்டர் வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று இவள் குறுக்கே நின்றாள். அவர் மெதுவாக, "நிறுத்தி எத்தினி நாளாம்மா ஆவுது?" என்று கேட்டார்.

"மூணு நாளுங்க."

"டாக்டராண்ட காட்டுனீங்களா?"

"இல்லீங்க. அவராவே நிறுத்திட்டாரு."

"எங்க அண்ணனும் மிலிட்டிரிதாம்மா. இப்பிடித்தான் ஒரேடியா நிறுத்துனாரு. நாங்க ரூம்ல வச்சிப் பூட்டிட்டோம்."

டிரைவரைப் பார்த்து, "எங்கயும் நிறுத்தாதண்ணே. ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு வுடு" என்றார். பிறகு என் முன்னால் விறைப்பாக நின்று, "சார், எல்லாரும் முழிச்சிக்கினு இருக்காங்க. நீங்க ஒக்காரலாம்" என்றார். உட்கார்ந்துவிட்டேனாம்.

மயிலம் போக வேண்டி கூட்டேரிப்பட்டில் இறங்க இருந்த ஐந்து பேர் அன்றைக்குத் திண்டிவனத்தில் இறங்கினார்கள். அவர்களிடம் இந்தப் பதிவின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு வலிப்பு வந்தது. மறுநாள்தான் நினைவு திரும்பியது. டியூட்டி டாக்டருக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம்.

"தினம் எவ்ளோ சார் குடிப்பீங்க?"

"மாசா மாசம் மிலிட்டரி கேன்டீன்ல குடுக்கிற கோட்டாதான் மேடம்."

"இவரு கோட்டா மட்டும் இல்ல மேடம்" என்றாள் ஆரோக்கியமேரி. "குடிக்காத ரிடையர்டு ஆளுங்க மூணு பேரு கோட்டாவும் இவருதான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "வருஷக்கணக்கா குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து சார். நிறுத்தணும். ஆனா எங்க கண்ணு முன்னாடி நிறுத்தணும். புரியுதா?"

"யெஸ் மேடம்." (பழக்கம்.)

பதினொரு நாள் வார்டில் இருந்தேன். மனநல டாக்டர் ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்தார். ஆறாம் நாள், எழுப்பாமல் விட்ட அந்த ஆளின் பெயரை அவரிடம் சொன்னேன். பதினான்கு வருடமாக யாரிடமும் சொல்லாத பெயர். ஃபிளாஸ்கை மூடிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி, மூடியைக் கையில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் வீட்டில் இன்னும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் மகளோடு பள்ளிக்குப் போனேன்.

"அது நான் போட்ட கையெழுத்துதாங்க டீச்சர். கை நடுங்கிச்சி. குடியால. பொண்ணு மேல தப்பு இல்ல."

டீச்சர் எதிரிலேயே போட்டுக் காட்டினேன். மூன்று முறை. மூன்றும் மூன்று விதமாக வந்தன.

"போதும் சார், நம்புறேன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டார்.

கேட் தாண்டும்போது மகள், "மூணாவது கொஞ்சம் பரவால்லப்பா" என்றாள்.

இன்று முப்பத்து நான்காவது நாள். மாத்திரை போடுகிறேன். வாரம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது "நாளையிலேர்ந்து நானே நிறுத்திடுறேன்" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். ஆனால் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய சிப்பாய்களில் குடியை விட்டு ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரே ஒரு கேள்வி. கமென்டில் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.

தூக்கம் எப்போது வரும்?