வளவனூர் வரை போன வளைகாப்பு

துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு நாளெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருப்பேன். சிரிப்பு, அழுகை, சண்டை, குழம்பில் உப்பு கூடிப்போனது, எல்லாவற்றுக்கும் எனக்கு அவர் ஒருவர்தான். ஒருநாள் மனிதர் வெடித்துவிட்டார்.

“எல்லாத்துக்கும் என்னையே புடிச்சிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது? போன் அடிச்சாலே பேஜாரா இருக்குது.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி நானாகக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளுக்குள் பயம்தான். இந்த மனிதரும் சலித்துப்போனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆபீசுக்குத் தினமும் ரயில். பெண்கள் பெட்டியில் எல்லோரும் பூக்கட்டுவார்கள், வம்பு பேசுவார்கள். நான் ஜன்னலோரம் போனும் கையுமாக இருப்பேன். போன் ஓய்ந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். எங்களோடு வரும் நர்ஸ் பெண்ணுக்கு ஏழாம் மாதம். பெட்டியிலேயே வளைகாப்பு வைப்பதாகப் பேச்சு. “எலுமிச்சை சாதம் நான் கொண்டாறேன்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மயிலம் தாண்டியதும் சந்தனம், குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். “யாராச்சும் பாடுங்கடி” என்றார் வங்கியில் வேலை செய்யும் அக்கா. ஒருத்திக்கும் பாட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தோடு மூடிவிட்ட வாயை நான் திறந்தேன். அட, பாட்டு வந்தது! உடனே கும்மி. இடமில்லாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சுற்றினோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் ரயில் நின்றது. வழக்கமான சிக்னல் என்று நினைத்தோம். ஏறியவர்களைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆடினோம். அடுத்து நின்றபோது பார்த்தால் வளவனூர்! விழுப்புரம் எப்போதோ போய்விட்டது. என் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, “நீங்களும் பாண்டிதான் போறீங்கன்னு நெனச்சேன்” என்றார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அரைநாள் லீவு போயிற்று. போகட்டும்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். “இன்னா, சத்தமே காணோம்? கோவமா?”

கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு! அதைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. “அப்பறம்? ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க? சொல்லு, சொல்லு!”

“நாளைக்கு சொல்றேங்க. பேங்க் அக்கா வாசல்ல வந்து நிக்கிறாங்க, கோலாட்டம் கத்துக்கப் போறோம்.”

“ஏய், இன்னும் கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயேன்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிக் கெஞ்சியது நான்தான். அவர் கெஞ்சுவது இதுவே முதல் தடவை.