வியர்வை தெரியும் கிரிக்கெட்

எங்கள் விளையாட்டுக் கழகத்தார் மூளையை வீட்டில் வைத்துவிட்டுக் கண்களை மட்டும் கொண்டு கூட்டத்துக்கு வருகிறவர்கள். கழகச் செயலாளராகிய நானும் அதில் சேர்த்தி. ஏர்னஸ்ற் அண்ணைக்கு நாங்கள் செய்ததைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

ஏர்னஸ்ற் மன்னாரிலிருந்து எங்களைப்போல இந்த வெளிநாட்டு நகரத்துக்கு வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. ஒருகாலத்தில் கழகத்தின் சுழற்பந்து வீச்சாளர் அவர்தான். லிபெர்த்தாத் தெருவில் வேலை செய்யும் வீட்டில் எசமானி சிஞ்ஞோராவின் திரைச்சீலையை மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போனது, மைதானமும் போனது. மிஞ்சியது ஊர்க் காவல் புனிதை றொசாலியாவின் திருநாளை ஒட்டிக் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் வீடியோ கேம் கிரிக்கெட் போட்டி மட்டும். வருடத்தில் அந்த ஒரு பின்னேரம் அவர் மறுபடி விளையாட்டுக்காரர்.

அந்தப் பழைய கேமில் ஆட்களின் முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் பந்து பழசாகும், ஆடுகளம் வெடிக்கும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வீசவேண்டும். ஏர்னஸ்ற் பெருவிரலால் அமத்துகிற விதத்தில் பந்து அரை முழம் திரும்பும். எட்டு வருடத்தில் ஆறு கிண்ணம் அவருக்கு.

இந்த வருடம் தலைவர் ஜோக்கிம் புதுக் கேம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வியர்வை கூடத் தெரியுது, பாருங்கோ! எங்கடை முகத்தைப் படமெடுத்து உள்ளுக்கை போடலாம்.”

அவ்வளவுதான், கழகம் விழுந்தது. ஒவ்வொருவரும் தன் முகத்தைத் திரையில் பார்த்துப் பல்லிளித்தார்கள்.

“பந்து திரும்புமோ?” என்று ஏர்னஸ்ற் கேட்டார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. புதுக் கேமுக்குச் சம்மதமானவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது நானும் உயர்த்தினேன். திரையில் எனக்குத் தொப்பை இல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

போட்டியன்று முதல் சுற்றிலேயே ஏர்னஸ்ற்றுக்கு எதிராக ஜோக்கிம். வாழ்நாளில் துடுப்புப் பிடிக்காத மனிதர். ஒரு கையில் அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்றுருண்டையை வைத்துக் கடித்துக்கொண்டு மறு கையால் ஒரே பொத்தானை அமத்தினார். அமத்தியதெல்லாம் சிக்ஸர். ஏர்னஸ்ற் காற்றைத் தேடினார். கொடிகள் படபடத்தன, பந்தைக் காற்று தொடவில்லை. ஆடுகளத்தில் ஒவ்வொரு வெடிப்பும் அச்சொட்டாக இருந்தது. பந்து அதற்குள் விழுந்தும் நேராகவே போனது. இருபது நிமிடத்தில் அவர் கதை முடிந்தது.

அப்போதுதான் மறுகாட்சி வந்தது. ஏர்னஸ்ற்றின் முகத்தை வைத்த ஆள் நல்ல கால்கள் இரண்டாலும் ஓடிவந்து பந்து வீசினான். மண்டபமே கை தட்டியது.

“அண்ணை, என்ன வடிவாய் ஓடுறீங்கள்!” என்றார் ஜோக்கிம்.

“பந்து திரும்பேல்லை,” என்று சொல்லிவிட்டு ஏர்னஸ்ற் எழுந்து நொண்டிக்கொண்டு வெளியே போனார். அந்த முட்டாள் கைதட்டலில் என் கையும் இருந்தது. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, மண்டபத்து அலுமாரியில் தூக்கிப் போட்டிருந்த பழைய கேமைத் துடைத்து எடுத்துக்கொண்டு அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதை வாங்கித் தொலைக்காட்சியில் பூட்டினார். “பிடியும் தம்பி,” என்றார். முதல் பந்தே வெடிப்பில் விழுந்து திரும்பி என் நடு விக்கெட்டைச் சாய்த்தது. பன்னிரண்டு தடவை விளையாடினோம், பன்னிரண்டிலும் தோற்றேன்.

புறப்படும்போது வாய் சும்மா இருக்கவில்லை. “வாற வருசப் போட்டிக்கு உங்கடை பேரைப் போடட்டோ அண்ணை?”

“என்ரை முகம்தான் உங்களிட்டை இருக்கே, தம்பி,” என்றார் அவர். “அதைக் கூப்பிட்டு விளையாட விடுங்கோ.”