ஏலத்துல போன வெப்சைட்டு

எங்க அந்தோணியார் கோயில் திருவிழாவுல ஏலம் கூவறவன் நான்தான். பேரு அமல்தாஸ். ஊருல ‘ஏலக்காரன்’னாதான் தெரியும். காணிக்கையா வர்ற சேவல், தேங்காய், பூசணிக்காய் எதுவானாலும் சரி, என் வாயில விழுந்தா விலை ஏறிப்போயிரும். சந்தையில அறுபது ரூபாய்க்கு விக்கிற பூசணிக்காயை மூவாயிரத்துக்கு ஏத்திவுட்டவன் நான். அந்தோணியார் பேரைச் சொன்னா எவன் கஞ்சத்தனம் பண்ணுவான்?

அப்பேர்ப்பட்ட என் வாயையே ஒருநாள் அடைச்சுப்புட்டுது எங்க அண்ணன் சவரி மவ கேத்தரின்.

பெங்களூருல கம்பெனி வேலையில இருந்த பொண்ணு. அதை வுட்டுட்டு வந்து, வூட்டுலயே உக்காந்து கடைக்காரங்களுக்கு வெப்சைட்டு செஞ்சு தர்றேன்னுச்சு. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. விலை சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கும். பத்தாயிரம்னு ஆரம்பிக்கும், எதிராளி மூஞ்சி சுருங்கினா ஏழுல முடிச்சுக்கும். “உக்காந்து தட்டறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு?”ன்னு கேக்காத ஆளில்லை. எங்க அண்ணனுக்குத் தினமும் ஒரே பாட்டு: “இந்த வருமானத்துக்குப் பேசாம பெங்களூருக்கே பெட்டியைக் கட்டு.” அதுக்குப் போக இஷ்டமில்லை. அப்பன் பாடுற அந்தப் பாட்டுதான் புள்ளைய அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

போன ஜூன் திருவிழாவுக்கு எங்க அண்ணி ஒரு சேவலைக் கட்டிவெச்சிருந்தாங்க. கேத்தரின் வேண்டாம்னுடுச்சு. “அவங்கவங்க காட்டுல வெளைஞ்சதைக் கொண்டுவர்றாங்க. எனக்கு வெளையறது வெப்சைட்டுதான, சித்தப்பா? அதையே குடுக்குறேன்”னு ஒரு அட்டையில எழுதி என் கையில குடுத்துச்சு. நியாயமாத்தான் பட்டுச்சு. ஃபாதரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு.

மைக்கைப் புடிச்சு அட்டையைத் தூக்கிக் காட்டினேன். “கேத்தரின் செஞ்சு தர்ற வெப்சைட்டு ஒண்ணு! யாரு கேக்குறீங்க?” ஒரு சத்தமில்லை. சேவலுன்னா காலைப் புடிச்சுத் தூக்கலாம், எடையைச் சொல்லலாம், அதுவே றெக்கையடிச்சுக் கத்தும். அட்டை கத்துமா? எனக்கே அது என்னன்னு முழுசாத் தெரியாது, எதைச் சொல்லி ஏத்துவேன்? முன்னால உக்காந்திருந்த பெருசு ஒண்ணு, “அதைக் கொழம்பு வெக்கலாமா?”ன்னுச்சு. சனம் கொல்லுன்னு சிரிச்சுடுச்சு. கேத்தரின் மூஞ்சியில ஈயாடல. கடைசியில தையக்கடை ரோசம்மா மனசு கேக்காம, “ஆயிரத்து ஐந்நூறு”ன்னாங்க. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு முடிச்சுவுட்டேன்.

அடுத்து வந்த பூசணிக்காயை மிளகுக்கடை வீரமணி நாலாயிரத்துக்கு எடுத்தாரு. அவரு கும்புடறது முனியப்பனை. ஆனாலும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்தாம சரக்கு எடுக்கமாட்டாரு.

ரோசம்மாவுக்குக் குறையில்லாம செஞ்சு குடுத்துச்சு கேத்தரின். வம்பு அதுக்கப்புறம்தான். யாருக்கு விலை சொன்னாலும், “ஏலத்துலயே ஆயிரத்து ஐந்நூறுக்குத்தான போச்சு?”ன்னு திருப்பிக் கேட்டாங்க. “ஊருக்கே மைக்கு வெச்சு எனக்கு விலை கட்டிட்டீங்களே, சித்தப்பா”ன்னு அழுதுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அண்ணன் பெட்டியைத் துடைச்சே வெச்சுட்டாரு.

அந்தச் சமயத்துல வீரமணி கூப்புட்டாரு. வத்தல்மலை மிளகும் சாமையும் பெங்களூருக்கு விக்கணுமாம், அதுக்கு வெப்சைட்டு வேணுமாம். தருமபுரியில அவரு கடைக்குத் துணையா நானும் போனேன். அவரு கேட்டதையெல்லாம் எழுதிக்கிட்டு, கேத்தரின் இருபத்தஞ்சாயிரம்னுச்சு.

வீரமணி சிரிச்சாரு. “ஏன் பாப்பா, ஆயிரத்து ஐந்நூறுக்குப் போன சாமானையா இருபத்தஞ்சுங்கறே?”

போச்சுடா, இப்ப ஏழுக்கு எறங்கிரும்னு நினைச்சேன்.

“அண்ணா, அதே ஏலத்துல பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தீங்களே, நாளைக்குச் சந்தையிலயும் அந்த விலைக்கு வாங்குவீங்களா?”

“அது சாமிக்குக் குடுத்தது, பாப்பா!”

“ரோசம்மாக்கா குடுத்ததும் சாமிக்குத்தாங்க.”

வீரமணி என்னைப் பாத்தாரு. நான் மேல சுத்தற ஃபேனைப் பாத்தேன்.

கேத்தரின் வுடலை. “என் சாப்பாடு, கரண்டு, நெட்டு, வேலை வராத மாசத்துச் செலவு எல்லாத்தையும் கூட்டித்தான் ஒரு நாள் கூலி வெச்சிருக்கேங்க. உங்க வேலைக்கு மூணு வாரம் புடிக்கும். அப்புறம் ஒரு வருஷம் எது ரிப்பேரானாலும் நான்தான் பாக்கணும்.”

“எல்லாம் சரி. கொஞ்சம் குறைச்சுக்கோ.”

“கூலியைக் குறைக்கமாட்டேங்க. வேலையைக் குறைக்கலாம். உங்க தாத்தா கதைக்கு ஒரு பக்கம், மலையைச் சுத்திக் காட்டற வீடியோ, இதெல்லாம் மிளகு விக்காது. சரக்கு, விலை, பணம் கட்டற வழி, இது போதும். பதினெட்டாயிரத்துல முடிஞ்சுரும்.”

தன் வருமானத்துல தானே ஏழாயிரத்தை வெட்டிக்கிற ஆளை நான் பாத்ததில்லை. வீரமணியும் பாத்திருக்கமாட்டாரு. தாத்தா கதை போச்சேன்னு கொஞ்சம் மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டாரு. ஆனா பாதிப் பணத்தை அங்கயே எடுத்துவெச்சாரு. அவரு சொல்லித்தான் அப்புறம் மண்டிக்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. எவனும் ஏலத்தைப் பத்தி மூச்சு வுடலை.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் கேத்தரின் ஒரு சேவலைக் கொண்டாந்து என் கையில குடுத்துச்சு.

“ஏம்மா, வெப்சைட்டு இல்லையா?”

“அது இனிமே விலைக்குத்தான், சித்தப்பா.”

சேவலைத் தூக்கிப் புடிச்சேன். என்னா கத்து கத்துச்சுங்கறீங்க! ஐந்நூறுல ஆரம்பிச்சு மூவாயிரத்துல வந்து நின்னுச்சு. கேட்டது எங்க அண்ணன். “ஏண்ணே, உங்க வூட்டுச் சேவலைத்தான உங்களுக்கே விக்கறேன்?”னு மைக்குலயே கேட்டேன்.

“மவ ஊரோட இருந்துட்டாளேடா. அதுக்குக் குடுக்கறேன், நீ தரத்தைச் சொல்லு”ன்னாரு.

ஒரு தரம், ரெண்டு தரம்னுட்டு மைக்கை நீட்டிட்டேன். மூணாவது தரத்தை ஃபாதர்தான் சொன்னாரு.