உரிமை கோரப்படாத வாசகர்

பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்கு இருபத்தொரு ஆண்டுகளாக அவர்தான் பொறுப்பாளர். செல்போன் வாரத்துக்கு ஒரு கூடை சேரும். குடைக்குக் கணக்கே இல்லை. ஒருமுறை பல்செட்டு வந்தது. உரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப்போனார். மின்நூல் படிக்கிற கருவி மட்டும் இத்தனை வருடத்தில் ஒன்றே ஒன்று.

"இதெல்லாம் எடுபடாதுங்க. பாருங்க, தொலைக்கக்கூட ஆளில்ல," என்றார்.

"தொலைச்சாத்தானே உங்ககிட்ட வரும்? வெச்சிருக்கறவன் கெட்டியாப் பிடிச்சிருக்கான்," என்றார் பக்கத்து டிக்கெட் கவுன்ட்டர்க்காரர். பொறுப்பாளருக்கு இரண்டுமே சரியென்று பட்டது.

உரியவர் பெயரைத் தேடித்தான் திறந்தார். பெயர் இல்லை, ஒரு நாவல் இருந்தது. 'தனியாகச் சாப்பிடுகிறவன் சீக்கிரம் சாப்பிட்டுவிடுகிறான்' என்ற வரிக்கு அடியில் மெல்லிய புள்ளிக்கோடு. ஆறே நிமிடத்தில் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்க்கிற மனிதர் திடுக்கிட்டார். மேலே படிக்கப் படிக்க, அவர் கோடு போட்டிருக்கக்கூடிய இடத்திலெல்லாம் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாதது இந்த முகமறியா ஆளுக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூறு நாளில் ஆள் வராவிட்டால் ஏலம். அவர் இன்னொரு நாற்காலியைத் தூசி தட்டி மேசைக்கு எதிரே போட்டுவைத்தார்.

எண்பத்தேழாம் நாள் ஒரு பெரியவர் வந்து, உறையில் மூலை கிழிந்திருக்கும் என்று அடையாளம் சொன்னார்.

"உக்காருங்க சார். அந்தச் சாப்பாட்டு வரி... அதுக்கு ஏன் கோடு போட்டீங்க?"

"நானா? ரிட்டயர் ஆனப்ப ஆபீஸ்ல குடுத்தாங்க. மூணாம் பக்கத்துலயே தூங்கிட்டேன். அந்தக் கோடு தானா வரும் சார், ஊர் ஊரா இதே கதையைப் படிக்கிறவங்க அவங்கவங்க மிஷின்ல போட்டது. பழசைத் தலையில கட்டிட்டாங்கன்னு நான் சண்டைக்கே போயிட்டேன். மருமகதான் தொட்டுக் காட்டுனா, எத்தனை பேருன்னு வரும்."

பொறுப்பாளர் தொட்டார். பதினொரு பேர்.

கருவியைக் கொடுக்குமுன் அந்த வரியின் மேல் விரலை அழுத்தி இழுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பன்னெண்டா இருக்கட்டும்."

பெரியவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

அன்றும் சாப்பாடு ஆறே நிமிடந்தான். மற்ற பதினொரு பேரும் இந்நேரம் கை கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.