சூசையப்பர் நோன்பு பிடித்த நாள்

மூன்று வாழையிலைகள் விரித்தாயிற்று. இரண்டின் முன்னால் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாவதன் முன்னால் வெறும் பலகை கிடந்தது. நேரம் உச்சிப் பொழுது. குசினி வாசலில் நின்ற மாமி அந்தப் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சூசையப்பர் எங்க மகன்?" என்று கேட்டார். ஒரு பஸ் நிறைந்த சனத்தை வாயாலேயே அடக்கி வைத்திருந்த கண்டக்டரான நான் சைக்கிளை எடுக்க ஓடினேன். குசினியிலிருந்து மோர்மிளகாய் பொரித்த வாசம் பின்னாலேயே வந்தது.

மாமி என்றால் என் மனைவியின் தாய். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளை அதில் ஆயுட்கால விருந்தாளி. அதனால் என் வயிறு, என் வாய், என் ஆத்துமம் ஆகிய மூன்றுக்கும் மாமிதான் பொறுப்பு. கல்முனையில் நாங்கள் ஒரு கைப்பிடி கத்தோலிக்கர். அந்தக் கைப்பிடிக்குள்ளும் மாமி அளவுக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்ன ஆள் கிடையாது. கரண்ட் வந்தால் நன்றி. தேங்காய் உடைத்து அழுகாமல் இருந்தால் நன்றி. நான் வேலை முடிந்து படலையைத் திறந்தால் ஒரு நன்றி, திறந்த கையோடு பகிடி விட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளப் பெலன் தந்ததற்கு இன்னொரு நன்றி. நன்றி சொன்ன கையோடு ஒரு கிண்ணத்தில் எதையாவது போட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டிவிடுவார். "கிடைச்சத மூடி வெச்சாப் புளிச்சிடும் மகன்" என்பார். எனக்குப் பொரித்து வைத்த கடைசி மீன்துண்டு அப்படிப் பல தடவை மதில் தாண்டியிருக்கிறது.

அந்த மூன்று இலைகளும் என்னால் வந்தவை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, அக்கரைப்பற்றிலிருந்து வந்த எங்கள் பஸ்ஸைச் சீருடைக்காரர்கள் வழியில் மறித்தார்கள். ஆண்கள் எல்லாரையும் இறக்கி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். அப்படி இறக்கப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி ஏறுகிற காலமாக அது இருக்கவில்லை. செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. மாமி சூசையப்பர் படத்துக்கு முன் முழங்காலில் விழுந்து, மருமகன் உயிரோடு வந்தால் திருநாளன்று மூன்று ஏழைகளை இருத்திச் சோறு போடுவேன் என்று நேர்ந்தார். நான் வந்து சேர்ந்தேன்.

அது மாமியின் தாய்வீட்டு வழக்கம். வயதான ஒருவரை ஆண்டவரின் வளர்ப்புத் தகப்பனான சூசையப்பராகவும், ஒரு பெண்ணை மாதாவாகவும், ஒரு பிள்ளையைப் பாலனாகவும் நினைத்து அழைக்க வேண்டும். நன்மை பெற்றவன், அதாவது நான், அவர்களுடைய கால்களைக் கழுவ வேண்டும். மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும். அவர்கள் உண்ணும்வரை வீட்டில் யாரும் ஒரு பருக்கை தொடக் கூடாது. மாதாவையும் பாலனையும் மாமியே சந்தையில் தேடிப் பிடித்தார். திருக்கோவில் பக்கமிருந்து இடம்பெயர்ந்து பாண்டிருப்பில் ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு கீரை விற்ற பெண் அவர், கூட ஒரு சின்ன மகள். "பாலன் பொம்பிளப் புள்ளையா மாமி?" என்று கேட்டேன். "உங்களுக்குச் சூசையப்பரைப் பிடிக்கிற வேல மட்டுந்தான்" என்றார்.

நான் பிடித்த சூசையப்பர் பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கும் கல்முனைக்குடிக் காக்கா. முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். தாடி அச்சொட்டாகப் படத்தில் இருப்பது போலவே இருக்கும். கொஞ்ச நாளாக அவருடைய கச்சான் பெட்டி பகலெல்லாம் மூடிக் கிடந்ததைக் கவனித்திருந்தேன். வியாபாரம் படுத்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். பஸ்ஸிலும் யாரும் எதுவும் கொறிக்காததை, தேநீர்க் கடைகள் அரைக் கதவோடு கிடந்ததை எல்லாம் பார்த்தேன், நாட்டு நிலைமை சரியில்லை என்று முடிவு கட்டினேன். எனக்கு அப்போது உலகத்தில் இருந்தது என் தபசு காலம் ஒன்றுதான். மாமி வீட்டில் இறைச்சியை நிறுத்தியிருந்தார். அந்தத் துக்கத்தில் மற்றவன் தண்ணீர் குடிக்கிறானா இல்லையா என்று பார்க்க எனக்கு எங்கே நேரம்? "காக்கா, சூசையப்பர் திருநாளைக்கு எங்கட வீட்ட சாப்பாடு, கட்டாயம் வரணும்" என்றேன். "இன்ஷா அல்லாஹ், வாறன் தம்பி" என்றார். நேரத்தை நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

பஸ் நிலையத்தில் காக்கா இல்லை. அங்கிருந்து சைக்கிளை மிதித்த மிதியில் பள்ளிவாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. விறாந்தையில் தோளுக்குப் போடும் துண்டை விரித்துக் காக்கா படுத்திருந்தார்.

"காக்கா, எழும்புங்க, சோறு ஆறுது!"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி, வெயில் தலைக்கடிச்சிட்டா? நோன்பு."

"என்ன நோன்பு?" என்று கேட்டேன். பள்ளிவாசல் விறாந்தையில் நின்றுகொண்டு, நோன்பு மாதத்தின் நட்டநடுவில் கேட்டேன். பக்கத்தில் படுத்திருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்து என்னை வடிவாகப் பார்த்தார்கள்.

"பாங்கு சொன்னதும் உங்கட வீட்டதானே நோன்பு திறக்கிற எண்டு இருந்தன்" என்றார் காக்கா. "வீட்ட எனக்குக் கஞ்சி வெக்க வேணாம் எண்டும் சொல்லிட்டன்."

திரும்பி வந்து மாமியிடம் வேறு ஒரு சூசையப்பரைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தெருமுனையில் இன்னொரு தாடி இருந்தது. "கூப்பிட்ட ஆளை மாத்துறதா? அந்த மனிசன் வீட்டில கஞ்சியும் வேணாம் எண்டிட்டு இருக்கு. பொழுது படட்டும்" என்றார் மாமி. பாலனுக்கு நோன்பு இல்லை என்று சொல்லிப் பிள்ளைக்கு மட்டும் உள்ளே வைத்துச் சோறு கொடுத்தார். கீரைக்கார அக்கா எழும்பவில்லை. "நானும் இருக்கன் அம்மா. ஒண்டாத்தானே இருக்கணும்" என்றார். ஆக, சூசையப்பர் நோன்பு பிடித்ததால் அன்று எங்கள் வீடே நோன்பு பிடித்தது.

பின்னேரப் பொழுது அசையவில்லை. என் குடல் மாமிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டது. அந்த நீண்ட காத்திருப்பில்தான் அக்கா கேட்டார், "என்னத்துக்கு அம்மா இந்த நேர்த்தி?" மாமி என் பக்கம் தாடையைக் காட்டினார். கேட்க ஆள் கிடைத்தால் எனக்குப் பசி மறந்துவிடும். பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. எழுந்து நின்று நடித்தேன்.

மைதானத்தில் எங்களை வரிசையாகக் குந்த வைத்ததை, ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்ததை, அவன் தலையாட்டினால் ஆள் முடிந்தான் என்பதை எல்லாம் சொன்னேன். என் முறை வந்தது. அதிகாரி பெயர் என்ன என்று கேட்டான். பயத்தில் என் பெயர் என்னைவிட்டு ஓடிவிட்டது. வாய் தானாகத் திறந்தது, "அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை. முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க!" பின் வரிசையிலிருந்து ஒருத்தன் பொக்கென்று சிரித்துவிட்டான். அதிகாரிக்கும் வாய் கோணியது. போ என்று கையைக் காட்டினான். ஒரு செருப்பை மைதானத்துக்குக் காணிக்கையாக விட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸில் பாய்ந்து ஏறி மணியை இழுத்தேன். இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. "அந்தக் கயிறோடதான் மாமி உங்கட வீட்டுக்கு வந்த!" என்று முடித்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எத்தனையோ தடவை கேட்ட என் மனைவியும் சிரித்தாள். அக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு கேட்டார், "எந்த பஸ் தம்பி அது? காலம அக்கரைப்பற்றால வந்ததா?"

"ஓம்."

"என்ட மூத்தவனும் அதிலதான் வந்தவன். தையல் மெசினுக்குப் பட்டி வாங்க எண்டு கல்முனைக்கு வந்த. நீலச் சேட்டுப் போட்டிருந்த. இன்னும் வரல்ல" என்றார்.

நான் நின்ற நிலையிலேயே நின்றேன். மணிக்கயிற்றை இழுத்த பாவனையில் கை மேலேயே இருந்தது. அந்தப் பையனுக்கு ரிக்கெற் கிழித்துக் கொடுத்தவன் நான்தான். என் பஸ்ஸின் பிரயாணி அவன். நீலச் சேட்டை எவ்வளவு தேடியும் என் ஞாபகத்தில் அது இல்லை. அந்த மைதானத்தில் என் செருப்பு எந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது என்றுகூட எனக்குத் தெரியும், பக்கத்தில் குந்தியிருந்தவனின் முகம் தெரியாது. அத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதைக்குள் நான் ஒருவன்தான் இருந்தேன். கயிறு அறுந்ததைச் சொன்னேன், மணி அடித்தபோது பஸ்ஸில் எத்தனை இருக்கை வெறுமையாக இருந்தது என்று நானும் பார்க்கவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. நான் காத்திருந்திருந்தாலும் அவர்களை விட்டிருக்க மாட்டார்கள் என்பது தெரியும். அது வேறு கணக்கு. எல்லாரும் ஏறினார்களா என்று பின்னால் பார்க்காமல் மணி அடிக்கிறவனைக் கண்டக்டர் என்று சொல்வதில்லை.

பாங்கு கேட்டது. சொல்லி வைத்தாற்போல் காக்கா படலையில் நின்றார், கையில் ஒரு கடதாசிச் சரை பேரீத்தம்பழம். இரண்டைத் தான் தின்று தண்ணீர் குடித்து, மற்றதை மாமியிடம் கொடுத்தார். படங்கள் இல்லாத அறையில் மாமி வெளுத்த சீலை ஒன்றை விரித்துவிட, தொழுதுவிட்டு வந்து பலகையில் அமர்ந்தார். நான் செம்பும் பேசினும் கொண்டுவந்து குனிந்தபோது, "இப்பதான் தம்பி கால் கழுவி ஒளு எடுத்த, இதுக்கு மேல கழுவினா தோல்தான் உரியும்" என்றார். அவருக்கு வீட்டில் நடந்தது ஒன்றும் தெரியாது. யாரும் சிரிக்காததைக் கண்டு காலை நீட்டிவிட்டார்.

அடுத்தது அக்காவின் கால்கள். வயல் வரம்பில் கீரை ஆய்ந்து வெடித்த குதிக்கால்கள். தண்ணீரை ஊற்றினேன். தலை நிமிரவில்லை. மேலேயிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

"பின்னுக்கு ஒருத்தன் சிரிச்ச எண்டீங்களே தம்பி. எப்பிடிச் சிரிச்சவன்? என்ட மகன் சிரிச்சா முடிவில மூச்ச உள்ளுக்கு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்."

நான் திரும்பிப் பார்த்தவனில்லை. அந்தச் சிரிப்பு எப்படி முடிந்தது என்று கேட்க அங்கே நின்றவனுமில்லை. "ஓம் அக்கா" என்றேன். "அப்பிடித்தான்."

"அப்ப அந்த நேரம் அவன் பயப்படல்ல" என்றார்.

சோறு பரிமாறியாயிற்று. இனி மாமி எழுந்து நின்று, நேர்த்தியின்படி, என்னைத் திருப்பித் தந்ததற்கு உரத்த குரலில் நன்றி சொல்ல வேண்டும். எழுந்து நின்றார். கைகளைக் குவித்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கரண்டுக்கும் தேங்காய்க்கும் நன்றி சொன்ன அந்த வாய் அப்படி நின்றதை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. மருமகன் உயிரோடு நிற்பதே ஒரு மரியாதைக் குறைவு போல் எனக்குப் பட்டது. எங்கேயாவது ஒளியலாமென்றால், இந்த ஓட்டக்காரனின் கையில் கால் கழுவிய தண்ணீர்ப் பேசின்.

அக்காதான் பேசினார். "சொல்லுங்க அம்மா. வந்தவனுக்கு நன்றி சொல்லத்தானே வேணும். காக்கா விடியத் துவங்கிப் பட்டினி, சோறு ஆறுது."

மாமி சொன்னார். என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அதே மூச்சில், நிறுத்தாமல், அக்காவிடம் கேட்டுப் பையனின் பெயரையும் சொல்லி, அவனையும் கொண்டுவா என்றார். அக்கா முதல் பிடியைப் பிசைந்து வாயில் வைத்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கண்டக்டர் தம்பி, அந்தக் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு சூசையப்பர் திருநாளுக்கும் அக்கா வருவார். மாமி போய்ச் சேர்ந்து கனகாலமாகிவிட்டது. கச்சான் காக்காவும் போய்விட்டார். வேறு வேறு தாடிகள் அந்தப் பலகையில் இருந்து எழும்பிவிட்டன. மாதாவின் இலை மட்டும் ஆள் மாறவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கதை கேட்பார். நானும் எழுந்து நின்று நடிப்பேன். வெட்கத்தில் காது சுடும், ஆனாலும் நடிப்பேன். வருஷத்துக்கு வருஷம் கதையில் அந்தப் பின் வரிசைச் சிரிப்பு நீண்டது. அதன் முடிவில் மூச்சை உள்ளுக்கு இழுக்கும் சத்தத்தையும் நான் பழகிவிட்டேன். மணிக் கயிற்றை மட்டும் விட்டுவிட்டு ஓடப் பார்ப்பேன். விடமாட்டார். "கயிறு?" என்பார். சொல்லுவேன். இந்த ஊரில் என் பகிடிக்குக் காசு கொடுத்துச் சிரிக்கவும் ஆள் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஒரு பகிடியைச் சொல்லத்தான் எனக்கு இன்றும் நாக்கு வறளுகிறது.

இந்த வருஷம் அக்காவை மகள்தான் கைபிடித்துக் கூட்டிவந்தாள். அன்றைய பாலனுக்கு இப்போது தலையில் நரை. அக்காவுக்குச் சில நாட்களில் மகளையே ஆர் என்று தெரிவதில்லையாம். ஆனால் பலகையில் இருத்தியதும் என்னைப் பார்த்து, வைத்த சோற்றைத் தொடுமுன்பே, "கண்டக்டர் தம்பி, கதை" என்றார். சொன்னேன். பின் வரிசைச் சிரிப்பைச் சிரித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மணியை இழுத்து, கயிறு அறுந்து, பஸ் புறப்பட்டதும் சின்னப் பிள்ளை மாதிரிக் கைகொட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, என்னை உற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் ஏறினாப் பிறகுதானே தம்பி மணி அடிச்ச?"

மகள் தலை குனிந்துகொண்டாள். நான் அகப்பையை எடுத்து, அக்காவின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். "போதும், போதும்" என்றார் அக்கா. நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.